நீக்கத் தவறியது

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று பல்கலைக்கழக அரங்கத்தின் மேடை முழுக்கப் பெரிய மனிதர்கள். சுண்டுவும் மேடையில்தான் இருந்தாள். ஆனால் அவள் கண் கடைசி வரிசையைத்தான் தேடிப் போயிற்று. அங்கே அவளுடைய அண்ணன், ஆலைச் சீருடையின் மடிப்புக் கலையாமல் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, யார் பேசி முடித்தாலும் முதல் ஆளாகக் கைதட்டிக்கொண்டிருந்தான். பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினாலும் தட்டினான்.

சுண்டு என்பது வீட்டுப் பெயர். குறைமாதத்தில் பிறந்து சுண்டுவிரல் கணக்காக இருந்தாளாம். அண்ணன் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அது ஒட்டிக்கொண்டது. இப்போது வேதியியல் துறைப் பேராசிரியை. தாழ்வாரத்தில் அவள் வந்தால் மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அண்ணனுக்கு மட்டும் இன்னமும் சுண்டுதான்.

அந்த ஒப்பந்தமே அண்ணன் பிடித்துக் கொடுத்ததுதான். மழைத் தண்ணீர் ஒட்டாத துணி நெய்து பூச்சு பூசுகிற ஆலை அது. மழைக்கோட்டு, கூடாரம், பயணப் பை என்று துணி எங்கெங்கோ போகும். ஊரில் பாதி அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது. ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அண்ணன் பொறுப்பாளன். ஆற்றுத் தண்ணீரையும் சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணீரையும் ஆராய ஏதாவது பல்கலைக்கழகத்தோடு கைகோக்க வேண்டும் என்று நிர்வாகம் பேச்செடுத்தபோது, "வெளிய எதுக்கு சார் தேடணும்? என் தங்கச்சியே தண்ணி ஆராய்ச்சிதான் பண்றா" என்று முந்திக்கொண்டு சொன்னவன் அவன்தான். நிர்வாகத்துக்கும் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல ஆயிற்று. மேடையிலேயே பொதுமேலாளர் அதைச் சொல்லி, "இது குடும்ப விஷயம்" என்று சிரிக்க வைத்தார்.

பொதுமேலாளரை ஆலைக்காரர்கள் தங்களுக்குள் 'பஞ்சு' என்பார்கள். நாம் அடித்தாலும் அவருக்கு வலிக்காது, அவர் அடிப்பதும் நமக்குத் தெரியாது என்று அதற்கு விளக்கம் சொன்னான் அண்ணன். அப்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னான், அவளும் சிரித்தாள்.

அப்பா போனதும் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவன் அண்ணன். அதைப் பற்றி அவன் வாயைத் திறந்ததே இல்லை. அவன் பேசாததாலேயே சுண்டுவுக்கு அது மறந்ததும் இல்லை. விழா முடிந்து வெளியே வந்தபோது அவன் அவள் தோளில் தட்டி, "நான் சாக்கடைப் பக்கம், நீ ஆய்வகப் பக்கம். கடைசில ரெண்டு பேரும் ஒரே தண்ணியத்தான் பார்க்கப் போறோம், பாரு" என்றான். வாயெல்லாம் பல்.

*

ஆலை கொடுத்த பணத்தில் துறையின் பழைய சாமான் அறை புது ஆய்வகமாயிற்று. தரை வழவழவென்று மாறியது, குளிர்சாதனம் வந்தது, கதவில் இரண்டு சின்னங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. நடு மேசையில் அந்தக் கருவி. ஒரு சொட்டுத் தண்ணீரை உடைத்துப் பிரித்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எடையை வைத்தே சொல்லிவிடும். அப்படி ஒன்றுக்கு அவள் எத்தனையோ முறை அரசுக்கு விண்ணப்பித்து ஓய்ந்திருந்தாள். பெட்டியைப் பிரித்த அன்று ஆராய்ச்சி மாணவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வேலை எளிமையானதுதான். ஆற்றில் ஆலைக்கு மேலேயும் கீழேயும், சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் நுழைகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும், ஆற்றங்கரைத் தெருவின் கிணறுகளிலும், ஆலைக் குடியிருப்பின் ஆழ்குழாயிலும் தண்ணீர் எடுக்க வேண்டும். சாயம், உப்பு, உலோகம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தவற்றையெல்லாம் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தன. அண்ணன் வேலையில் குறை சொல்ல முடியாது. அவன் தொட்டிகளில் காற்று சீராகக் குமிழியிட்டது; கசடு படிந்து, தெளிந்த நீர் மேலே வழிந்தது. கடைசித் தொட்டியில் மீன் விட்டு வைத்திருந்தான். பார்க்க வருகிறவர்களை நேராக அங்கேதான் அழைத்துப் போவான்.

ஒரு மதியம், கேட்ட பொருள்களை மட்டும் தேடாமல் தண்ணீரில் இருப்பதையெல்லாம் காட்டும்படி கருவியை ஓட்டிப் பார்த்தாள் சுண்டு. இவ்வளவு நல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வாங்குவது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. திரையில் ஓரிடத்தில் ஒரு கோடு குத்துக்கல் மாதிரி எழுந்து நின்றது. ஒப்பந்தப் பட்டியலில் இல்லாத பொருள்.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். கருவியின் குழாயே கசிந்திருக்கலாம், பாட்டில் மூடியில் ஏதாவது ஒட்டியிருக்கலாம். குழாயை மாற்றினாள். பாட்டிலை மாற்றினாள். வெறும் தூய நீரை ஓட்டினாள், கோடு இல்லை. ஆலைக்கு மேலே எடுத்த ஆற்று நீரில் இல்லை. நிலையத்துக்குள் நுழைகிற நீரில் இருந்தது. வெளியேறுகிற நீரிலும் அப்படியே, மயிரிழை குறையாமல் இருந்தது. ஆற்றங்கரைத் தெருக் கிணறுகளில் இருந்தது. குடியிருப்பின் குழாயிலும் இருந்தது. துணியில் தண்ணீர் ஒட்டாமல் இருப்பதற்குப் பூசுகிற பூச்சின் வகையைச் சேர்ந்த பொருள். அழியாது. வெயிலுக்கும் அழியாது, நுண்ணுயிரும் தின்னாது. உடம்புக்குள் போனால் லேசில் வெளியேறாது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை என்பார்கள். அவள் வெட்டவில்லை, எட்டித்தான் பார்த்தாள்.

*

துறைத் தலைவரிடம் போகவில்லை. அண்ணனிடம்தான் போனாள். அவன் காற்றுத் தொட்டியின் இரும்புப் பாலத்தில் நின்று நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உன் தண்ணில ஒண்ணு வருது."

"என் தண்ணிலயா? மீன் நீந்துது, பாத்தே இல்ல?"

"மீனுக்கு உடனே ஒண்ணும் ஆகாது. மனுஷனுக்கும் உடனே ஒண்ணும் ஆகாது. அதான் மோசம்." அவள் பொருளின் பெயரைச் சொன்னாள்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தான். "பூச்சுப் பிரிவுல புது மருந்து கொண்டு வந்தாங்க. அப்பவே சொன்னேன், சுண்டு. என் தொட்டில கழிவைத் தின்னற பூச்சி இதைத் தின்னாது, கரிதான் உறிஞ்சும், கரித் தொட்டி ஒண்ணு கட்டிக் கொடுங்கன்னு. பார்க்கலாம்னாங்க. மறுபடி கேட்டேன். பரிசோதனைல எல்லாம் வரம்புக்குள்ளதானே வருது, அப்புறம் என்னன்னாங்க."

"அந்தப் பரிசோதனைல இது இல்லவே இல்ல. தேடாத பொருள் எப்படிக் கிடைக்கும்?"

"தெரியும்." அவன் குரல் இறங்கிற்று. "குடியிருப்புக் குழாயிலயும் இருக்கா?"

"இருக்கு."

"உங்க அண்ணி அதுலதான் சமைக்கறா."

   பிறகு அவன், "நீ எங்கயும் முந்திக்காதே. முறைப்படி கூட்டத்துல வை. நானும் அங்க இருந்து சொல்றேன். உன் கருவியே சொல்லிடுச்சுன்னா அவங்க கரித் தொட்டி கட்டித்தானே ஆகணும்?" என்றான். அவன் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. தன் பேச்சு எடுபடாத இடத்தில் தங்கையின் பேச்சு எடுபடும் என்று அவன் மெய்யாகவே நம்பினான். அவளும் நம்பினாள்.

*

ஆய்வுக் கூட்டம் ஆலையின் கண்ணாடி அறையில் நடந்தது. பஞ்சு, பல்கலைக்கழகத்தின் கூட்டு ஆய்வு மைய இயக்குநர், ஆலையின் சட்ட ஆலோசகர், சுண்டு. அண்ணனுக்குச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். கூட்டம் முடியும்வரை சொல்லி அனுப்பவில்லை.

கத்துவார்கள், மறுப்பார்கள், கருவியைக் குறை சொல்வார்கள் என்று சண்டைக்குத் தயாராகப் போயிருந்தாள். பஞ்சு அவள் காட்டிய வரைபடங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் கை கூப்பினார்.

"மேடம், இதுக்குத்தான் உங்களைத் தேடினோம். நம்ம குறையை நாமே கண்டுபிடிக்கறோம். இதைவிடப் பெருமை வேற என்ன? இதை மறைக்கக் கூடாது. வெளியிடணும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று நினைத்தாள்.

பிறகு அறிக்கையை வரி வரியாகப் படித்தார்கள். இந்தப் பொருள் பூச்சுப் பிரிவிலிருந்து வருகிறது என்று அவள் எழுதியிருந்த இடத்தில் பஞ்சு நிறுத்தினார்.

"பூச்சுப் பிரிவுல நீங்க தண்ணி எடுத்தீங்களா, மேடம்?"

"அங்க உள்ள போக அனுமதி கொடுக்கலையே."

"தொழில் ரகசியம், மேடம். இரண்டாம் கட்ட ஆய்வுல அதையும் சேர்த்துடலாம். ஆனா இப்ப நீங்க அளக்கல. அளக்காததை உங்க பேர்ல எழுதலாமா?"

அளக்காததை எழுதாதே என்று மாணவர்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள் அவள்தான். அந்த வரியை அடித்தாள்.

"அப்புறம் இது." பஞ்சுவின் விரல் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. "'சுத்திகரிப்பு நிலையத்தால் இப்பொருளை நீக்க இயலாது.' இயலாதுன்னா என்னைக்குமே முடியாதுன்னு ஆகுது. நீங்க பார்த்தது சில மாசம்தான். வேற மாதிரி இயக்கினா நீங்குமோ என்னவோ. 'நீக்கத் தவறியுள்ளது'ன்னு இருந்தா பார்த்ததை மட்டும் சொன்ன மாதிரி இருக்குமே."

"ரெண்டும் ஒண்ணுதானே, மேடம்" என்றார் இயக்குநர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

சுண்டு யோசித்தாள். இயலாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடி அறையில், தெரிந்தது வேறு, நிரூபித்தது வேறு என்று அவர்கள் பேசியது அவளுடைய பாஷையாகவே இருந்தது. தவறியுள்ளது என்று எழுதினால் பொய்யில்லை. மாற்றினாள். கையெழுத்துப் போட்டாள். பஞ்சு தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

வாசலில் அண்ணன் காத்திருந்தான். "என்ன ஆச்சு?"

"வெளியிடப் போறாங்களாம், அண்ணா! அவங்களே!"

"பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றான் அவன்.

*

நிருபர்கள் கூட்டம் பல்கலைக்கழக அரங்கத்திலேயே நடந்தது. பஞ்சுவுக்குப் பக்கத்து நாற்காலி சுண்டுவுக்கு. பஞ்சு எழுந்து, எந்தச் சட்டமும் கேட்காத ஒன்றை ஆலை தானாக முன்வந்து சோதித்தது என்றார். பாதிக்கப்பட்ட தெருவுக்கும் குடியிருப்புக்கும் நாளையிலிருந்து லாரியில் குடிநீர் வரும் என்றார். கைதட்டல். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"நமது கூட்டு ஆய்வின் முடிவு தெளிவாகச் சொல்கிறது: சுத்திகரிப்பு நிலையம் இப்பொருளை நீக்கத் தவறியுள்ளது. இந்தத் தவறுக்குப் பொறுப்பானவர் இன்று காலை பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆலையில் எவ்வளவு பழைய ஆளாக இருந்தாலும், யாருக்கு உறவாக இருந்தாலும், தண்ணீர் விஷயத்தில் எங்களுக்குச் சலுகை கிடையாது."

 சுண்டுவுக்கு முதலில் விளங்கவே இல்லை. யாரையோ சொல்கிறார் என்று நினைத்தாள். பொறுப்பானவர் என்றால் ஒருவன்தானே இருக்கிறான் என்று பிறகு உறைத்தது.

ஒரு நிருபர் எழுந்து அவளைப் பார்த்துக் கேட்டார். "மேடம், நிலையம் தவறிடுச்சுன்னு நீங்களே உறுதி பண்றீங்களா?"

ஒலிபெருக்கி அவள் முன்னால் வந்தது. "நான் எழுதினது... ஆமா, அப்படித்தான் எழுதியிருக்கேன். ஆனா அது நடத்தினவங்க தப்பு கிடையாது. அந்தத் தொட்டியால அதை நீக்கவே..."

பஞ்சு மெதுவாகச் சாய்ந்து ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "மேடத்துக்கு மனசு கஷ்டமா இருக்கும். அது இவங்க கூடப்பிறந்த அண்ணன். இருந்தும் உண்மையை எழுதினாங்க பாருங்க. இப்படி ஒரு நேர்மைக்கு நாம எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டணும்."

எழுந்து நின்றார்கள். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. அந்தச் சத்தத்தில் அவள் திரும்பத் திரும்ப என்னவோ சொன்னாள். வாய் திறந்திருப்பது மட்டும் மறுநாள் பத்திரிகைப் படத்தில் வந்தது. நன்றி சொல்வது போல இருந்தது.

*

குடியிருப்பில் அண்ணன் வீட்டு வாசலில் கட்டில் சாய்த்து வைத்திருந்தது. வேலை போனால் வீடும் போகும். அண்ணி பாத்திரங்களைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுண்டு கிட்டே போய் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்தாள். அண்ணி அதை அவள் கையிலிருந்து வாங்கித் தானே வைத்தாள்.

"அண்ணி, நான் அப்படி நினைச்சு எழுதல."

"நீ எப்படி நினைச்சேன்னு எனக்கு எதுக்கும்மா? படிச்சவங்க நினைக்கறது எனக்குப் புரியாது. எழுதினது மட்டும் பேப்பர்ல வந்திருந்துச்சு, படிச்சேன்." அண்ணி நிமிரவே இல்லை. "உன் கல்லூரிக்குப் பணம் கட்டறதுக்காக ரெட்டை ஷிப்ட் பார்த்தவருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்துட்டே. தெருவுல தலை காட்ட முடியல. விஷம் வெச்சவன் பொண்டாட்டின்னு ஒருத்தி என் முகத்துக்கு நேரா சொல்றா."

"நான் சரி பண்றேன் அண்ணி. மறுப்பு எழுதச் சொல்றேன்."

"எழுதினவரைக்கும் போதும்."

அண்ணன் உள்ளே மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஏணியிலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அதற்குப் பதிலாக அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

*

துணைவேந்தர் அவளை நின்றபடியே பேசவிட்டார். நிலையத்தில் கோளாறு இல்லை, பூச்சுதான் காரணம், பல்கலைக்கழகம் ஒரு விளக்கம் வெளியிட வேண்டும் என்று அவள் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டினார்.

"ஆதாரம் இருக்கா?"

"பூச்சுப் பிரிவுத் தண்ணி கொடுத்தாங்கன்னா ஒரே நாள்ல காட்டிடுவேன்."

"அதுக்குத்தானே இரண்டாம் கட்டம்? அது கையெழுத்தாகிற நேரத்துல நீங்க கலைச்சுடாதீங்க. உங்க ஆராய்ச்சி மாணவங்க எத்தனை பேருக்கு அங்கேருந்துதான் உதவித்தொகை வருதுன்னு உங்களுக்கே தெரியும்." பிறகு, ஏதோ நினைவுக்கு வந்தது போல, "ஆமா, அவர் உங்க அண்ணன்னு மையத்துக்கு எழுத்துல தெரிவிச்சிருக்கீங்களா?" என்றார்.

"மேடையிலேயே சொன்னாங்களே, சார். நீங்களும் சிரிச்சீங்களே."

"எழுத்துல கேட்கறேன்."

எழுத்தில் இல்லை. அது பற்றி விசாரிக்க ஒரு குழு போட்டார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். சட்டத்தின் அட்டவணையை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்க சொல்ற பொருள் இதுல எங்க இருக்கு, காட்டுங்க. இல்லாத பொருளுக்கு வரம்பு இல்ல. வரம்பு இல்லாததை யாரும் மீற முடியாது. நான் எதை வெச்சுப் போய் நிக்கறது? போதாக்குறைக்கு அவங்களே வந்து சொல்லி, ஆளையும் நீக்கி, லாரித் தண்ணியும் விட்டுட்டாங்க. மத்த ஆலைங்களுக்கு நான் அவங்களைத்தான் உதாரணமா காட்டிட்டிருக்கேன்."

"இன்னமும் வந்துட்டுத்தான் இருக்கு, சார். நேத்துகூட எடுத்துப் பார்த்தேன்."

"புது பொறுப்பாளர் வந்திருக்கார்ல. போகப் போகச் சரியாகும்."

கடைசியில் அவள் ஆற்றங்கரைத் தெருவுக்கே போனாள். தண்ணீர் குடிக்கிறவர்களுக்குத் தெரிந்தால் போதும், அவர்கள் கேட்டால் ஆலை பதில் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தாள். லாரி வந்து நின்றிருந்தது. புது லாரி, பக்கவாட்டில் ஆலையின் சின்னம் ஆளுயரத்துக்கு. குடங்களோடு வரிசையில் நின்ற பெண்களிடம் அவள் சொல்ல ஆரம்பித்தாள். கிணற்றில் இன்னமும் அது இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, துணிகளைக் கிணற்று நீரில் அலசினாலும், செடிக்கு ஊற்றினாலும் அது எங்கேயும் போய்விடாது, ஆளை மாற்றியதால் ஒன்றும் மாறவில்லை, மருந்தை மாற்ற வேண்டும்.

தையல்காரி ஒருத்தி, வாயில் ஊசியைக் கடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள், ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு கேட்டாள். "நீங்கதானே அந்தப் பேப்பர்ல வந்தவங்க? அந்த ஆளோட தங்கச்சி?"

"ஆமா."

"அன்னைக்கு அண்ணன் தப்புன்னு எழுதினீங்க. இன்னைக்கு அண்ணன் தப்பில்லன்னு சொல்றீங்க. எதைம்மா நாங்க நம்பறது?"

"அன்னைக்கும் அவர் தப்புன்னு நான் எழுதல."

"தவறியதுன்னா வேற என்ன அர்த்தம்? நாங்க என்ன பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவங்களா?" வரிசையில் சிரிப்பு எழுந்தது. இன்னொருத்தி சமாதானமாகச் சொன்னாள். "விடுக்கா. ரத்தபாசம். நம்மளா இருந்தாலும் இப்படித்தான் வந்து நிப்போம்." அவள் சுண்டுவின் கையைப் பிடித்து, "போங்கம்மா, போய் உங்க அண்ணனைக் கவனிங்க. எங்களுக்கு லாரி வருது" என்றாள். கோபத்தோடு சொன்னால் எதிர்த்து நிற்கலாம். அவள் இரக்கத்தோடு சொன்னாள்.

சுண்டு திரும்பி நடந்தாள். எந்தக் கதவைத் தட்டினாலும் தன் கையெழுத்தே தனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டான் என்று ஆலையைப் பார்த்து ஊர் சிரிக்கும் என எண்ணியிருந்தாள். சூனியம் வைத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுச் சாமானோடு தெருவுக்கு வந்தவன் அவள் அண்ணன்.

*

அண்ணன் புறப்பட்ட அன்று அவள் வழியனுப்பப் போனாள். அவன் வண்டியில் சாமான்களை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அண்ணி ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து எதிர்ப்புறம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஊர், தூரத்து ஊர். தெரிந்தவர் ஒருவர் மூலம் வேலை.

கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவன் அவள் பக்கத்தில் வந்தான். இத்தனை நாளில் முதல் முறையாக அதைக் கேட்டான்.

"சுண்டு, அந்த வார்த்தை... அவங்களா மாத்திக்கிட்டாங்களா, உனக்குத் தெரியாம?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கத்தான் அவன் ஆசைப்பட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது. வாசகத்தைக் களவாக மாற்றிவிட்டார்கள் என்றால் அவன் மனசு ஆறிப்போகும், போகிற வழியில் அண்ணியிடமும் சொல்வான்.

"இல்ல அண்ணா. கேட்டாங்க. நான் யோசிச்சேன். சரின்னு தோணுச்சு. நான்தான் மாத்தினேன்."

அவன் தலையை ஆட்டினான். "உனக்குத் தெரியும்ல, அந்தத் தொட்டியால முடியாதுன்னு."

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுத முடியல."

"அளக்கல, அண்ணா."

"ம்." அவன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "கரித் தொட்டி வேணும்னு நான் அவங்ககிட்ட வாயால கேட்டேன், வேலையை விட்டு அனுப்பும்போது அப்படி எதுவும் ஏட்டுல இல்லன்னாங்க. நீ ஏட்டுல எழுதினே, அது என் தலையிலயே வந்து விடிஞ்சுது. நல்லாப் படிக்க வெச்சிருக்கேன் உன்னை." அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னானா, வேடிக்கைக்குச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. வண்டி கிளம்பிற்று.

விசாரணைக் குழு அவளுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தது. அதற்கு முன்பே அவள் கூட்டு மையத்திலிருந்து விலகிக்கொண்டாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை. இரண்டாம் கட்டம் கையெழுத்தாயிற்று. அவளுடைய பழைய மாணவன் ஒருவன் பொறுப்பேற்றான், கெட்டிக்காரன், நல்லவனும்கூட. தலைப்பு மட்டும் மாறியிருந்தது: வீட்டுக் குழாயில் பொருத்துகிற வடிகட்டி. ஆலை துணியோடு சேர்த்து அதையும் விற்கப் போவதாகப் பேச்சு. ஆற்றங்கரைத் தெருவுக்குப் பாதி விலைக்காம். பூச்சுப் பிரிவில் அதே மருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. வருடக் கடைசியில் பல்கலைக்கழகத்துக்கும் ஆலைக்கும் சேர்த்து ஒரு விருது கிடைத்தது. நேர்மையான கூட்டு ஆய்வுக்காம்.

சுண்டுவுக்கு முதலாம் ஆண்டு வகுப்புகளை ஒதுக்கினார்கள். ஒருநாள் வகுப்புக்குப் போகிற வழியில் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. தாழ்வாரத்து ஓரமாக நின்றாள்.

"எப்படி இருக்கே? வேலை எப்படி?"

"கிடங்குல போட்டிருக்காங்க. பெட்டி வருது, பெட்டி போகுது. தண்ணிப் பக்கமே கிடையாது. நிம்மதி."

"அண்ணி?"

"இருக்கா. சுண்டு, லீவுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தியே. இப்ப வேணாம். அவ இன்னும்... கொஞ்ச நாள் போகட்டும். நானே சொல்றேன்."

"சரிண்ணா."

"தப்பா எடுத்துக்காதே."

"இல்லண்ணா."

"உடம்பைப் பார்த்துக்கோ" என்றான். அழைப்பு நின்றுவிட்டது.

அவள் தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எதிரே வந்த இரண்டு மாணவிகள் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். அவள் வகுப்புக்குள் போய், கரும்பலகையில் பாதி அழிந்திருந்த முந்தின வகுப்பின் சமன்பாடுகளை முழுக்கத் துடைத்துவிட்டு, பாடத்தை ஆரம்பித்தாள்.